உள்ளங்கை ஈரம்

ஐப்பசி 5, செவ்வாய்

விடாத தூறல். பால் வரவில்லை, எல்லோருக்கும் கடுங்காப்பி. ஈரத்தில் தறிகள் முரண்டு பிடிக்கின்றன என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் புலம்பல். எனக்கு மட்டும் மழைக்காலம் வசதி. கை நனைந்திருந்தால் குடைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் பீரியடில் சாக்பீஸ் கையிலேயே ஊறி உடைந்தது. கைக்குட்டைகள் இரண்டும் பிழிகிற அளவுக்கு. பிறகு புடவைத் தலைப்பு. தலைப்பில் வெள்ளைத் திட்டு. ஆசிரியைகள் அறையில் நிலவில் மனிதன் இறங்கிய படம் போட்ட காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். நிலவுக்கே போய்விட்டார்களாம். என் உள்ளங்கையைக் காய வைக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

மாலை அவர் பள்ளி வாசலில் குடையோடு. சைக்கிள் பஞ்சர், அதனால் நடை. சாக்கடை நிரம்பி ஓடியது. தாண்டுவதற்குக் கை நீட்டினார். பார்க்காதவள்போல ஒரே தாவாகத் தாவினேன். நீட்டிய கையை அவர் குடைக்காம்புக்கு மாற்றிக்கொண்டார்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். தாலி கட்டிய அன்று கை பிடிக்கும்போது ஹோமப் புகை, கூட்டம், எல்லோருக்குமே வியர்வை. தப்பித்தேன். அதன் பிறகு எல்லாம் ஆயிற்று. உள்ளங்கையை மட்டும் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.

வாங்க வேண்டியது: கைக்குட்டை, தேங்காய் எண்ணெய், சிவப்பு மை.

ஐப்பசி 6, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

அத்தை காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். புதுப் பாவு, புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைக்கட்டு, வெள்ளிக்கிழமை வருகிறதாம். தறியில் பழைய பாவு முடியும்போது நுனிகளை அறுக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் இழை ஒன்றை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். புணைப்பது என்று பேர். ஆயிரக்கணக்கில் இழை. அதற்கென்றே கைதேர்ந்த சரசக்கா வருவார். ஆனால் கரைப் பக்கத்து முதல் பிடி மட்டும் வீட்டுக்கு வந்த புது மருமகள்தான் புணைக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம்.

"மருமக கை வெக்காம இந்த ஊட்ல பாவு ஏறினதே இல்லமா," என்றார் அத்தை. ஆசையாகத்தான் சொன்னார்.

அப்பா ஆரணியில் தறியை விட்டுவிட்டுக் கணக்கெழுதப் போனவர். நான் பிறந்ததிலிருந்து பட்டைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. வியர்வைக் கை பட்டால் பட்டு கறை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். அம்மாவுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது, "டீச்சர் வேலை பாக்கற பொண்ணு, தறி வேலையெல்லாம் பழக்கமில்லீங்க." அத்தோடு சரி. மீதியை விழுங்கிவிட்டார்.

10-ஆம் வகுப்பு ஆ பிரிவில் நரம்பு மண்டலம் ஆரம்பம். நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் நரம்புகள். விளக்கத்துக்கு வெறிநாய் துரத்துவதைச் சொன்னேன். கண்பாவை விரியும், நன்றாகப் பார்க்க. இதயம் வேகமாக அடிக்கும், கால்களுக்கு ரத்தம் போக. ஈரல் சர்க்கரையை எடுத்து விடும். வயிறு வேலையை நிறுத்தும், வாய் வறளும், மயிர் சிலிர்க்கும், கை வியர்க்கும். இதற்குப் பரிவு நரம்பு மண்டலம் என்று பெயர். நாய் போன பிறகு எதிர்க்கட்சி நரம்புகள் வந்து எல்லாவற்றையும் அமர்த்தும். பெண்கள் நாய் என்றதும் சிரித்தார்கள். கடைசிப் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, நாயே வராமல் இதெல்லாம் வந்தால் என்ன டீச்சர் என்றாள். அது அடுத்த வகுப்பில் என்றேன். அடுத்த வகுப்பிலும் பதில் கிடையாது.

ஐப்பசி 7, வியாழன்

எச்.எம்.மிடம் அரை நாள் லீவு கேட்டேன். தலைவலி என்று. பெரிய காஞ்சிபுரம் லேடி டாக்டர். ஒரு மணி நேரம் பெஞ்சில். எதிரில் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வாந்தி எடுத்தது.

டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குப் பிறகு என் உள்ளங்கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

நோய் இல்லை என்றார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை இரண்டு நரம்புச் சங்கிலிகள் ஓடுகின்றன. உடம்பின் மற்ற இடம் சூட்டுக்கு வியர்க்கும். உள்ளங்கை மனசுக்கு வியர்க்கும். எனக்கு அந்தச் சங்கிலி கொஞ்சம் அவசரக்குடுக்கை, அவ்வளவுதான். வியர்க்குமோ என்று பயந்தால் அந்தப் பயத்துக்கும் வியர்க்கும். பாடம் நடத்துகிறவளுக்கே பாடம். ஆனாலும் வேறொருவர் வாயால் கேட்க நன்றாக இருந்தது.

இரண்டு வழி. ஒன்று மாத்திரை. வேடிக்கை என்னவென்றால், வியர்வைச் சுரப்பி பரிவு நரம்பின் ஆள்தான், ஆனால் சேதி வாங்குவது எதிர்க்கட்சியின் ரசாயனத்தில். மாத்திரை அந்த ரசாயனத்தை மறிக்கும். அதனால் எதிர்க்கட்சி நடத்தும் வேலைகளும் சேர்ந்து படுக்கும். வாய் வறளும், படபடக்கும், கிட்டத்தில் கண் தெரியாது. ஒன்றுக்கு மேல் போடக்கூடாது. இரண்டாவது, சென்னையில் ஆபரேஷன். அதற்கு வீட்டுக்காரரோடு வந்து பேசச் சொன்னார்.

மாத்திரை வாங்கிக்கொண்டேன். கிட்டத்தில் கண் தெரியாவிட்டால் என்ன? நோட்டுத் திருத்துவதை ஒருநாள் தள்ளிப்போடுகிறேன்.

பிற்பகல் ஒன்று போட்டுப் பார்த்தேன். கை காய்ந்தது!

காய்ந்த கை. பிறந்ததிலிருந்து இல்லாத கை. கதவைத் தொட்டேன், செய்தித்தாளைத் தொட்டேன், ஒட்டவில்லை. கொடியில் அவர் சட்டை. தோள்பட்டை, காலர், பாக்கெட், எல்லாவற்றையும் தடவினேன். கிறுக்கச்சி. அவர் உள்ளே வந்தார், நான் சட்டையை மடிப்பதுபோல நின்றேன். அப்போதே கையைக் கொடுத்திருக்கலாம். மாத்திரைக் கை என்பதால் மனசு வரவில்லை.

ஐப்பசி 8, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம். பாவு வந்தது. உடல் கிளிப்பச்சை, கரை அரக்கு. கற்பூரம், தேங்காய். படபடப்பாக இருந்ததால் மாத்திரை போதாதோ என்று இரண்டு போட்டுக்கொண்டேன். எச்.எம்.மிடம் மறுபடி தலைவலி.

தறிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கிண்ணத்தில் சாம்பல், இழை வழுக்காமல் இருக்க விரலில் தொட்டுக்கொள்வதற்கு. கை எலும்பாகக் காய்ந்திருந்தது. சரசக்கா ஒரு இழையை முறுக்கிக் காட்டினார். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இழையே தெரியவில்லை. சரசக்காவின் முகம் தெரிகிறது, எதிர்ச் சுவரில் சாமி படம் தெரிகிறது. மடிக்கு முன்னால் இருப்பது மட்டும் வெறும் பச்சைப் புகை, அரக்குப் புகை.

கிட்டத்தில் கண் தெரியாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. எந்தக் காரியத்துக்காக மாத்திரை போடுகிறேனோ அதற்கே கண் வேண்டும் என்று புத்திக்கு எட்டவில்லை. அறிவியல் டீச்சர்!

எழுந்திருக்க முடியாது. அத்தை கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். தடவித் தடவிப் புணைத்தேன். சாம்பல் இருந்தும் முறுக்கு நிற்கவில்லை, இழை அவிழ்ந்து அவிழ்ந்து போனது. ஒரு பிடி முடிந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். கரை இழைகளோடு பச்சை கலந்து கிடந்ததாம். அப்படியே தறி ஓட்டினால் அரக்குக் கரை முழுக்கப் பச்சைக் கோடு விழும்.

யாரும் திட்டவில்லை. அத்தை என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "இன்னாமா கண்ணு இப்டி கருப்பா பூத்துக்கினு இருக்குது? எதையாச்சும் பாத்து பயந்துட்டியா?" என்றார். வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் அனல். சரசக்கா சூடம் சுற்றிப் போடச் சொன்னார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

கதவிடுக்கில் பார்த்தேன். நான் போட்ட முறுக்கு ஒவ்வொன்றையும் அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். இழை அறாமல், மெதுவாக. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

ஐப்பசி 9, சனி

பள்ளி அரை நாள். மாத்திரை போடவில்லை. கண் தெளிந்தது. கை பழையபடி.

முதல் பிடியை அத்தையே புணைத்துவிட்டாராம். மீதி சரசக்கா.

மதியம் சாப்பாடு. வாழைக்காய்ப் பொரியல். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். தறிச் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை. அவர் கை கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தோளில் கிடந்த துண்டின் நூலையே உருவிக்கொண்டிருந்தார்.

"வசந்தா, என்ன புடிக்கலன்னா சொல்லிடுமா. நான் கோச்சிக்க மாட்டேன். கை நீட்டினா இழுத்துக்கிற. எங்க ஊட்டு வேலய தொட்டா கண்ண மூடிக்கினு தொடற. படிச்ச பொண்ணு, தறிக்காரன் வேணான்னு இருந்திருக்கும். கேக்காமயே கட்டி வெச்சிட்டாங்களோ என்னமோ."

இவ்வளவையும் அவர் மூன்று மாதமாக மனசில் வைத்துக்கொண்டு, குடையையும் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நின்றிருக்கிறார். இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன். சொட்டியது.

இப்போதுதான் கழுவினாயா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். துண்டால் துடைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேகைகளில் மறுபடி பொடிப்பொடியாகப் பூத்தது. மறுபடி துடைத்தார். மறுபடி பூத்தது. நெசவுக்காரர் பார்வை, அசையாமல் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நான் வகுப்பில் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி, நாய், எதிர்க்கட்சி, மாத்திரை, கண். நடுவில் அழுகையும்.

"இதுக்காமா மூணு மாசமா என்ன சாவடிச்ச?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. துண்டோடு சேர்த்து என் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன்: ரொம்பப் பிடிக்கும்.

ஐப்பசி 10, ஞாயிறு

தலைக்கு எண்ணெய். ரேடியோ கரகரப்பு.

அத்தையிடம் அவரே சொல்லிவிட்டார். பயந்துகொண்டு அடுப்படியில் நின்றேன். அத்தை வந்து கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜரிகைல மட்டும் கை வெச்சிடாதமா, கறுத்துப்புடும்," என்றார். அப்புறம் புளி கரைக்கச் சொன்னார். புளி கரைக்க ஈரக் கை தோஷமில்லையாம்.

கோபம் இல்லை. ஆனால் இந்த வீட்டுத் தறியில் இனி என் கை படாது. அது தெரிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம், வருத்தமாக இருக்கிறது. பயந்து ஓடியதுதான், ஆனாலும்.

ஆபரேஷன் செய்தால் தறியில் கை படலாம் என்று நான்தான் சொன்னேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அவர். சாயங்காலம் சைக்கிளை இரண்டு தடவை துடைத்தார்.

ஐப்பசி 11, திங்கள்

வெயில். தெருவெல்லாம் சாயம் போட்ட பட்டு காய்கிறது.

பள்ளி முடிந்து அவரோடு டாக்டரிடம். அவர் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அக்குளுக்குப் பக்கத்தில் திறந்து, நுரையீரலை ஒதுக்கி, சங்கிலியில் கைக்குப் போகும் கண்ணியை அறுத்து எடுப்பார்கள். ஒரு பக்கம் ஆறிய பிறகு மறுபக்கம். கை காய்ந்துவிடும், நிச்சயம். சிலருக்குக் கண் இமை கொஞ்சம் இறங்கும். சிலருக்குக் கைக்குப் பதில் முதுகில் வியர்க்கும்.

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அறுத்துவிட்டால் மனசில் பயமே வராதா என்று கேட்டார். பயம் வரும், கைக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு நுரையீரலை எப்படி ஒதுக்குவார்கள் என்று அவர் கேட்டார். டாக்டர் சொன்னார். அவர் தலையாட்டினார். தைரியமாகத்தான் தலையாட்டினார்.

சென்னைக்குக் கடிதம் தரட்டுமா என்றார் டாக்டர்.

மேஜைக்குக் கீழே அவர் கை முழங்காலில் இருந்தது. நானாக எடுத்துப் பிடித்தேன். முதல் தடவை. சில்லென்று, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என் ஈரமா என்று பார்த்தேன். நான் அப்போதுதான் தொட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு வேண்டாம் டாக்டர் என்றேன்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், ஒரு கையால். இன்னொரு கை என்னிடம். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

பயந்துட்டீங்களா என்று கேட்டேன்.

"நானா? எனக்கு இன்னாத்துக்குமா பயம்?" என்றார். கை இன்னும் நனைந்துகொண்டே இருந்தது.