பேஸ்ட் தடவாத சிப்

விம்கோ நகர் வீட்டில் மாயா இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வேலைக்குக் கிளம்பிய அன்பரசன், புது சிப் வந்த அட்டையைக் கிழித்து மனைவிக்கு எழுதினான்.

"மாயா, மீன்கொழம்பு அடுப்பு மேல கீது, சூடு பண்ணிக்கோ. பெரிய டிவிய மட்டும் போடாத. செவப்பு, பச்சை, நீலம் மூணு படத்தையும் ஒண்ணா சேக்கற சிப்ப மாத்திகினு கீறேன். சிப்புக்கும் அலுமினியத் தகடுக்கும் நடுவுல சூட்ட இழுக்கற பேஸ்ட் தடவணும். தடவாம போட்டா சூடேறிப் பூடும். நேத்து நீ டிவி போட்டப்போ மொத சிப்பு போனதும் அப்டித்தான். பேஸ்ட் தீந்துபோச்சி, சாயங்காலம் வரச்சொல்ல வாங்கியாறேன். பிளக்கக் கழட்டிட்டேன். ஆனாலும் உள்ள கரண்டு நிக்கும், தொடைக்கக்கூட கைய வுடாத."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்.

"நேத்து கத்திட்டேன். படம் பாக்க இல்ல, வூட்ல யாரோ பேசுற சத்தம் வேணும்னுதான் போட்டேன்னு நீ சொன்ன. அப்போ எனக்குக் காதுல ஏறல. டிவி மேல ரேடியோ வெச்சிகீறேன். அது பத்தலன்னா போன் பண்ணு. இன்னிக்கு கட் பண்ணமாட்டேன்."