இரண்டு கொடிகளுக்கு நடுவே இருந்த பள்ளம்

அனுப்புநர்
ச. எல்சி, எம்.எஸ்சி.,
(வயது 48, த/பெ. சவரிநாதன்)
மேற்குத் தெரு, சிப்பிக்குப்பம்,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மழைநீர் வடிகால் மற்றும் குடிநீர்ப் பணிகள் கண்காணிப்புக் குழு,
வடகடற்கரை வட்டாரம், சென்னை.

பொருள்: சிப்பிக்குப்பம் மேற்குத் தெருவில் மூடாமல் விடப்பட்ட வடிகால் பள்ளத்தில் என் தங்கை கரோலின் விழுந்து இறந்தது – அதற்கு மீனவர் தாமோதரனே பொறுப்பு என்னும் தங்கள் குழுவின் அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. குடிநீர்க் குழாய் உடைப்பு குறித்து அக்டோபர் மாதம் நான் அளித்த மனு.
2. தங்கள் குழுவின் விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

அந்த இரண்டு கொடிகளும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என் தங்கை இன்று உயிரோடு இருப்பாளா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தங்கள் அறிக்கையில் இருக்கிறது. இருப்பாள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நான் தனியார் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நடக்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல எங்கள் துறையில் யாரும் துணியமாட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1. கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில், மழைநீர் வடிகாலைத் தெருவின் குறுக்கே கொண்டுசெல்வதற்காக ஆகஸ்டு மாதம் பள்ளம் தோண்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். தெருவின் அகலம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் தாமோதரன் வீட்டுச் சுவரோரம் மட்டும் ஒருவர் ஒதுங்கி நடக்க மண் விட்டிருந்தார்கள். கம்பி கட்டிய நிலையில் வேலை நின்றுபோனது. மேலே போட வேண்டிய கான்கிரீட் ஸ்லாப் இன்னும் வரவில்லை என்று ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

தொடக்கத்தில் பள்ளத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு இருந்தது. தங்கள் குழு வேறொரு தெருவைப் பார்வையிட இருந்ததற்கு முந்தின மாலை, அந்தத் தகரங்களை மினி லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். அவை திரும்பி வரவில்லை.

2. தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்தது. அன்று முதல் தெருக் குழாயில் சாக்கடை வாடையோடுதான் தண்ணீர் வந்தது. பார்வை 1-இல் கண்ட மனுவை அளித்தேன். பதில் வரவில்லை. ராயபுரத்தில் வசித்த என் தங்கை கரோலின், ஆட்டோ பிடித்து எனக்குக் குடிநீர் கொண்டுவரத் தொடங்கினாள். அவள் இறந்த அன்று காலையும் நான் வேண்டாம் என்றேன், கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “யக்கா, நீ மனு எழுதிகினே இரு. நான் தண்ணி எடுத்தாறேன்” என்று தொலைபேசியில் சிரித்தாள். அரசு அலுவலருக்கு அனுப்பும் மனுவில் இது தேவையா என்று யோசித்தேன். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இது. ஆகையால் விட்டுவைக்கிறேன்.

3. நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தரை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. காய்கறி வண்டி தள்ளிவரும் காஜா மொய்தீன் வண்டியோடு உள்ளே போய், தோள் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அப்போது எந்த விசாரணையும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான். தாமோதரன் கொடி வைத்தார்.

அவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போய் வலை போடுபவர். கடலில் வலையை விட்டபின் அதன் இரு முனைகளிலும் மூங்கில் கழியில் கொடி கட்டி மிதக்க விடுவார்கள். இரண்டு கொடிகளுக்கும் நடுவே வலை கிடக்கிறது, படகை உள்ளே விடாதே, சுற்றிப் போ என்று பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். தாமோதரன் தன் படகிலிருந்து அப்படி இரண்டு கழிகளை எடுத்துவந்து, மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகளில் ஊன்றி, பள்ளத்தின் இரு முனைகளிலும் நிறுத்தினார். எங்கள் தெருவில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கொடிக்கு வெளியே, சுவரோரமாகவே போனார்கள். தெருவாசிகள் யாரும் அதன் பிறகு விழவில்லை.

4. கரோலின் எங்கள் தெருவாசி இல்லை. நாங்கள் ராயபுரத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கடலுக்குப் போகும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் சப்பரம் வரும் வழியின் இரு ஓரங்களிலும் கொடி நடுவார்கள். கொடிகளுக்கு நடுவில் நடந்தே வளர்ந்தோம். நான் இங்கே குடிவந்த பிறகு கடல் கொடியின் பொருளைக் கற்றுக்கொண்டேன். கரோலின் முன்பு தண்ணீர் கொண்டுவந்த நாட்களில் இந்தக் கொடிகள் இல்லை; பள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததால் சுவரோரமாக வந்தாள்.

அன்று பிற்பகல் மழை விடாமல் பெய்தது. தெருவில் நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் அவளைக் கடற்கரைச் சாலையிலேயே இறக்கிவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் கேன். பார்த்தவர் தாமோதரனின் மனைவி அங்கம்மா மட்டுமே. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “கொடிங்க நடுவுல நேரா வந்துகினு இருந்தாங்கோ. ஏதோ வாசல்ல நுழையற மாரி. ‘யம்மா, நடுவுல வராதே, இப்டிக்கா வா’ன்னு நான் கத்தறதுக்குள்ள ஆளைக் காணோம். கொடை மட்டும் கீது.”

தாமோதரன் குதித்தார். பள்ளத்துக்குள் திறந்திருந்த வடிகால் குழாயின் வாய் அவளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கம்பிகள் குத்தி அவர் முதுகு கிழிந்தது. மேலே கொண்டுவந்தபோது அவளுக்கு உயிர் இல்லை. நான் அந்த நேரத்தில் என் வீட்டுச் சமையலறையில், உலை வைக்காமல் அவள் கொண்டுவரும் தண்ணீருக்காகக் காத்திருந்தேன். கேனையும் யாரோ எடுத்து என் வாசலில் வைத்தார்கள். மூடி திறக்கவே இல்லை. அந்தத் தண்ணீரை நான் குடிக்கவுமில்லை, கொட்டவுமில்லை.

5. தங்கள் அறிக்கை சொல்வது: “தாமோதரன் என்பவர் உரிய அனுமதியின்றி நட்ட கொடிகளைப் பாதை எனக் கருதி இறந்தவர் பள்ளத்தில் இறங்கியதே விபத்துக்குக் காரணம். அன்னார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.”

இந்த ஊகம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பள்ளத்தை மூடி, கொடி நட்டு வழி விட்டிருக்கிறார்கள் என்றுதான் கரோலின் நினைத்திருப்பாள். முதல் சில நாட்கள் நானும் அந்த மூங்கில்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பள்ளம் ஏன் திறந்து கிடந்தது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. தகரங்களை யார் எடுத்துப்போனார்கள் என்பது இல்லை. குழாய் உடைந்ததும் இல்லை. குழாய் உடையாதிருந்தால் என் தங்கை அன்று வந்தே இருக்கமாட்டாள். காஜா மொய்தீன் விழுந்தபோது அங்கே ஒரு கொடியும் இல்லை. கொடிதான் காரணம் என்றால் அவர் எதனால் விழுந்தார் என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் தங்கள் குழு இந்தப் பணியை “நேரில் ஆய்வு செய்து திருப்தி அடைந்ததாக”க் குறிப்பு உள்ளது. அன்று நான் கடற்கரைச் சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். வாகனம் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி ஏறியது. வாகனம் போய்விட்டது.

6. அறிக்கை வந்த பிறகு தாமோதரன் கடலுக்குப் போகவில்லை. என்னைக் கண்டால் திரும்பி நடக்கிறார். ஒரு நாள் நானே வழியில் நிறுத்தினேன். “டீச்சரம்மா, எங்காளுங்க பாத்தா ஒதுங்கிடுவாங்கன்னு வச்சேன். வர்றவங்க எல்லாருமே எங்காளுங்களான்னு ரோசிக்கலியே” என்றார். அப்போது நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். தெரியாதவர்களும் வருவார்கள் என்று யோசிப்பது அவருடைய வேலையே கிடையாது. அதற்கென்றுதான் ஒரு குழுவும், அதற்கு ஓர் அலுவலகமும், ஒரு வாகனமும் இருக்கின்றன. அந்த வேலையை யாரும் செய்யாத இடத்தில், தனக்குத் தெரிந்த ஒரே முறையில் அவர் செய்தார்.

கரோலினின் கணவர் ஹென்றியிடம் இந்த மனுவைப் படித்துக் காட்டினேன். “யார் மேல வேணா எழுதுக்கா. அந்தாளு மேல மட்டும் வாணாம். என் பொண்டாட்டிய வெளிய எடுத்தாந்தது அவருதான்” என்றார். அவரும் கீழே கையொப்பமிட்டுள்ளார்.

எனவே நாங்கள் கேட்பது: தாமோதரன் மீதான பரிந்துரையை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். பள்ளம் மூடப்படாததற்கும் தடுப்பு அகற்றப்பட்டதற்கும் உரிய காரணத்தை, உரியவர்களின் பெயரோடு, அதே அறிக்கையில் எழுத வேண்டும். குடிநீர்க் குழாயைச் சரிசெய்ய வேண்டும். பள்ளம் இன்றும் திறந்தே கிடக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதை மூட வேண்டும்.

இறந்தவளின் குடும்பத்துக்கு நீதி கிடைக்கவே இந்தப் பரிந்துரை என்றும் அறிக்கையில் கண்டேன். அந்தக் குடும்பம் நாங்கள்தான். இந்த நீதியை நாங்கள் கேட்கவில்லை.

மனுக்களின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் முந்தைய மனு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். இருந்தும், ஒரு நல்ல மனிதர் என் தங்கையின் பெயரால் தண்டிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. தாங்கள் இதை ஒருமுறையாவது முழுமையாகப் படிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 9.12.2024

இங்ஙனம்,
ச. எல்சி
ஹென்றி (இறந்தவரின் கணவர்)

பின்சேர்க்கை, 10.12.2024

மேற்கண்ட மனுவை இன்று காலை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்தேன். தபால் பிரிவில் இருந்த மோகனப்ரியா என்னும் உதவியாளர் நின்றபடியே முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. “மேடம், அவரே காலையில வந்து ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரே. இனிமே இதை நான் எப்படி வாங்கறது?” என்றார். நகலையும் காட்டினார். மரணத்துக்குத் தன் செயலே காரணம், வேறு எவரும் பொறுப்பில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே தாமோதரனின் கையெழுத்து இருந்தது.

நான் வீடு திரும்பியபோது பள்ளத்தருகே லாரி நின்றிருந்தது. ஸ்லாப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதுவரை வந்தே சேரவில்லை என்று சொல்லப்பட்ட ஸ்லாப்புகளின் மேல் பாசி படிந்திருந்தது. தாமோதரன் தன் வீட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டேன்.

“விசாரணை முடியாம பள்ளத்துல கை வைக்கக் கூடாதாம் டீச்சரம்மா. பொறுப்பு யார்துன்னு முடிஞ்சிட்டா இன்னிக்கே மூடிடுவோம்னாங்கோ. மறுபடி மழ வருதாம். அதான் போட்டுட்டேன்.”

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்பதைத் தாங்கள் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவரிடம் பெறப்பட்ட அந்த ஒப்புதலைச் செல்லாததாக அறிவிக்க வேண்டும். நேரில் வாங்க மறுக்கப்பட்டதால், இந்தப் பின்சேர்க்கையுடன் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பள்ளிக்கூடம் விடுவதற்குள் பள்ளத்தை முழுவதும் மூடிவிட்டார்கள். மாலையில் மழை பிடித்தது. தெருவில் தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் ஸ்லாப்பின் மேல் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

ச. எல்சி