மாப்பிள்ளை படித்த பாதிப் பாலி

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்க போயிட்டீங்க, உங்க போன் மட்டும் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு. தினம் சாயங்காலம் மணியடிச்சு, பாலி பாஷைப் பாடம் பாக்கியிருக்குன்னு இங்கிலீஷ்ல நச்சரிக்குது. என் தங்கச்சி அதை எடுத்துப் பார்த்துட்டு சார்ஜில் போட்டு வைக்கிறா. எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியும். அவ கேட்கலை, நானும் சொல்லலை.

உங்க வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கிற கல் புத்தருக்கு ஊரே முனீஸ்வரன்னு சுருட்டு வெச்சுக்கிட்டிருந்தப்போ, "அவர் பாஷையில ஒரு வார்த்தையாவது பேச வேணாமா மச்சான்?" என்று கிளப்பிவிட்டது நீங்கதானே? ஐம்பது வயசுல வந்த ஆசையைப் பாருங்க. போனில் கிடைச்ச பாடப் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்துக்குத் தலையிலும் காலிலும் புள்ளி. தமிழில் கிடைச்ச ஜெராக்ஸில் நாலு 'க'வுக்கும் ஒரே 'க'. கடைசியில் இலங்கைப் பிக்கு ஒருத்தரோட ஆடியோதான் கதின்னு ஆச்சு. மோட்டார் கொட்டகையில் அதைப் போட்டுட்டு நாம கத்தின கத்துல வயல்ல நின்ன கொக்கெல்லாம் பறந்துடும்.

சாவு வீட்டில் சொல்ற நாலடிப் பாட்டு ஒண்ணு அதில் இருந்தது. "எனக்கு இதைச் சொல்லித்தான் தூக்கணும்"னு அப்பவே சொல்லி வெச்சீங்க. முழுசும் மண்டையில நிக்கலை. நடவாளுங்க வயலைப் பிரிச்சுக்கிற மாதிரி பிரிச்சுக்கிட்டோம். முன்னடி ரெண்டும் உங்களுக்கு, பின்னடி ரெண்டும் எனக்கு. நம்மில் ஒருத்தர் செத்தாத்தான் அந்தப் பாட்டே தேவைப்படும்கிறது ரெண்டு அறிவாளிக்கும் தோணவே இல்லை.

டீசல் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்க. மறுநாள் பாடை கட்டி முடிச்சதும் உங்க அண்ணன், "என்னமோ சொல்லணும்னீங்களே, சொல்லுங்க. நேரமாவுதுல்ல?" என்றார். மேளத்தை நிறுத்தினாங்க. வாசல்ல இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தாங்க. திறந்தேன். நீங்க ஆரம்பிக்காம எனக்கு ஒண்ணும் வரலை.

அப்போ உங்க தலைமாட்டிலிருந்து என் தங்கச்சி உங்க ரெண்டடியையும் சொன்னா. நீங்க மூச்சு வாங்குற இடத்திலேயே மூச்சு வாங்கி. கொட்டகைக்கு டீ கொண்டு வந்து, "ரெண்டு கிறுக்கும் சேந்து உளறுது"ன்னு திட்டிட்டுப் போவாளே, அவதான். மிச்சத்தை நான் சொன்னேன். தூக்கிட்டாங்க.

காரியம் முடிஞ்சு சொந்தமெல்லாம் கிளம்பின அன்னைக்குக் கேட்டா: "நீயும் போயிட்டா எனக்கு யாருண்ணே சொல்லுவா?"

வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு மாப்பிள்ளை. சம்பாவுக்கு நாத்து விட்டாச்சு. இப்பல்லாம் உங்க போன் மணியடிச்சா நாங்க ரெண்டு பேரும் கொட்டகைக்குப் போறோம். உங்க பாதியை அவ எனக்குச் சொல்லித் தர்றா, என் பாதியை நான் அவளுக்கு. யார் முந்தினாலும், இருக்கிற ஆள் நாலடியையும் சொல்லி அனுப்பணும். கடைசியா மிஞ்சுற ஆளுக்கு? வரப்புல உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பாட்டு தெரியும்தானே?

நான் இருக்கிற வரைக்கும் அந்த மணியை நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

இன்னமும் முன்னடியில் தடுமாறுகிற,
உங்க மச்சான்