கதவோர மேஜையில் வைத்த லேப்டாப்

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை, ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் தனக்கு முழங்காலே கிடையாது என்பது போல் பேச்சை மாற்றிவிடுகிறார். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று போனில் சொல்கிறாய், கூடவே உன் இருமலும் பேசுகிறது, அதனால் நான் முழுசாக நம்பவில்லை. வெந்நீர் குடி, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், போனில் நான் கதையின் நடுவுக்கு வரும்போதுதான் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்து தொலைக்கும். இப்போது எனக்கும் மீட்டிங் உண்டு, தெரிந்துகொள். நேற்று நடந்த மீட்டிங்கிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை, காலையில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன், அவரும் பேப்பர் படித்துக்கொண்டே பாதி குடித்துவிட்டார்.

பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தில் என்னை இயக்குநர் குழுவில் சேர்த்தபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அம்மா உனக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியுமா என்றாய். தெரியும், நன்றாகவே தெரியும். கணக்கு டீச்சராக இருந்தவள் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்று பேசட்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, தும்மினால்கூட தீர்ப்பு சொல்வது போல் இருக்கும். பொருளாளர் ஒரு பல் டாக்டர், அவர் பேச ஆரம்பித்தால் நாமெல்லாம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வொர்க்‌ஷாப் முழுவதும் ஒரு அம்மாவின் பொறுப்பில், எல்லாருக்கும் அவள் பெரியக்கா, நீதிபதிக்கும் பெரியக்கா. அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு, அதைச் சொன்னால்தான் மேலே உனக்குப் புரியும். கதவோரத்து மேஜையில் எது வந்து உட்கார்ந்தாலும் அது நன்கொடையாக வந்த சரக்கு, யார் என்ன என்று கேட்காமல் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத் துடைத்துப் பாடங்களை ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று, குழுக் கூட்டம் நடக்கும்போது, பள்ளிக்கு அனுப்பத் தயாராக அலமாரியில் நிற்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்றை எடுத்து வந்து, நடப்பதையெல்லாம் அதில்தான் எழுத வேண்டும். நமக்கு உதவாதது பிள்ளைகளுக்கு எப்படி உதவும் என்பது நீதிபதியின் வாதம்.

இந்த அலமாரிதான் சில மாதமாகக் காலியாகக் கிடந்தது. கம்பெனிகள் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுக்கவே பயப்படுகின்றன, தங்கள் ரகசியம் ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்து வெளியே போய்விடுமோ என்று உடைத்தே போட்டுவிடுகிறார்கள். பெரியக்காவின் ஆட்கள் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் இந்த வருடத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று போன கூட்டத்திலேயே பேச்சு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே பிள்ளைகள் அட்டையில் கீபோர்டு வரைந்து வைத்துக்கொண்டு அதன்மேல் விரலால் தட்டித் தட்டிப் பழகுகிறார்கள். ஒரு பெண் பிழையாகத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது, அழிப்பதற்கான கட்டத்தை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டினாள். தலைமையாசிரியையிடம் எப்படியாவது வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், கொடுத்த பிறகுதான் நம் அலமாரி காலி என்பது நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. ஒரு பெரிய கம்பெனி தன் ஆபீஸ் முழுவதையும் புதிதாக மாற்றுகிறது, பழையவை எல்லாம் நமக்கு வந்தால் காத்திருக்கும் பள்ளிகள் அத்தனைக்கும் கொடுக்கலாம். கொடுப்பதா உடைப்பதா என்று முடிவு செய்ய அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி எங்கள் கூட்டத்துக்கே வருவதாக ஏற்பாடு. அவருக்குக் காட்டுவதற்கு நான் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து குழுவின் லேப்டாப்பில் படங்களும் விவரங்களுமாக ஒன்று தயாரித்திருந்தேன், அந்த அட்டைக் கீபோர்டு பிள்ளைகளின் படம்தான் முதலில். பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தாநாளே அதை வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். உள்ளே நுழையும்போது நீ கூப்பிட்டாய். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, போனை எடுக்க வேண்டும், லேப்டாப்பைப் பக்கத்திலிருந்த மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பேசினேன். நீ உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாய், நான் அப்படியே பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். எந்த மேஜை என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆகவே பாதிப் பழி உனக்கு.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனால் லேப்டாப்பைக் காணோம். பின்னறை பீரோவில் தேடினேன், நாற்காலிக்கு அடியில் தேடினேன், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்குள் அந்த அதிகாரியம்மா வந்து உட்கார்ந்துவிட்டார், அளந்து பேசுகிறவர், சிரிப்பையும் அளந்துதான் வைத்திருக்கிறார். நீதிபதி வழக்கப்படி அலமாரிக்குப் போய் அங்கே இருந்த ஒரே ஒரு லேப்டாப்பை எடுத்து வந்து அந்த அம்மா முன்னால் திறந்தார். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள், வணக்கம், உன் பெயரைத் தட்டச்சு செய் என்று திரையில் பிள்ளைகளுக்கான வரவேற்பு வந்தது. லேப்டாப்பின் மூலையில் ஒரு சில்லு உடைந்திருந்தது. அப்பா ஒருநாள் கீழே போட்டாரே, அந்தச் சில்லு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களுக்குக் கதவோர மேஜையில் ஒரு லேப்டாப் கிடைத்தால் விடுவார்களா, அன்றைக்கே அழித்து முடித்துவிட்டார்கள். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீ கேட்பாய். எடுத்து வைத்திருந்தேன், அதே லேப்டாப்பில் வேறொரு இடத்தில்.

பல் டாக்டர் என் காதில் வந்து, படம் காட்டும் கருவி பழுது என்று சொல்லிவிடலாம், வேறொரு நாள் வரச் சொல்லலாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கேட்டு உட்கார்ந்துகொண்டு முதல் வார்த்தையே பொய்யா? நான் எழுந்து நின்று, இந்த லேப்டாப் எங்களுடையதுதான், நான்தான் மேஜை மாற்றி வைத்துவிட்டேன், உங்களுக்குக் காட்ட வைத்திருந்தது எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன். நீதிபதி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அதிகாரியம்மா என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பெரியக்காவைப் பார்த்து, உங்கள் குழுவின் பொருள் இது, யாருடையது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா என்றார். பெரியக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"கேக்க மாட்டோம் மேடம். யாருதுன்னு தெரியணும்னா உள்ள திறந்து பாக்கணும். பாக்கக் கூடாதுங்கறதுதான் இங்க சட்டம்."

அதிகாரியம்மா அந்த லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து வயர்களும் சின்னதாக ஒரு பெட்டியும் எடுத்து வைத்து, நான் முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். அழிந்ததைத் தோண்டி எடுப்பதுதான் அவருடைய வேலையாம், அதில் பெயர் பெற்றவராம். எனக்கு முதலில் உயிர் வந்தது, என் படங்கள் திரும்பக் கிடைக்கும், பாடுபட்டது வீண்போகாது என்று. அடுத்த நிமிடமே உறைத்தது பாப்பா, ஒரே ஒரு படம் திரும்ப வந்தாலும் போதும், எங்கள் அழிப்பு அரைகுறை என்று ஆகிவிடும், அவர்கள் கம்ப்யூட்டர் ஒன்றுகூட நமக்கு வராது. என் உழைப்பு அடியோடு, சுவடு தெரியாமல் ஒழிந்திருக்க வேண்டுமே கடவுளே என்று நானே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை யாராவது வேண்டியிருப்பார்களா! மத்தியானம் முழுக்க அவர் தோண்டினார். டீ ஆறி ஏடு கட்டியது. பல் டாக்டர் நகத்தைக் கடித்துத் தள்ளினார், மற்றவர்களுக்குப் பல் போதனை செய்கிறவர். திரையில் ஏதாவது அசைந்தால் போதும், நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து எட்டிப் பார்ப்பேன். கடைசியில் அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"ஒரு எழுத்துகூட கிடைக்கல. எங்க மெஷின் எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க."

நான் அழுதேன், மறைக்க மாட்டேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, கடைசியில் வேறொருவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வொர்க்‌ஷாப்பில் விசில் பறந்தது, பெரியக்கா அதட்டினாள், அதட்டிவிட்டு அவளே சிரித்தாள். போகும்போது அந்த அதிகாரியம்மா என்னிடம், என்ன படம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அட்டைக் கீபோர்டைச் சொன்னேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் முழங்காலை மறந்து எழுந்து நின்று கைதட்டினார், பிறகு ஐயோ என்று உட்கார்ந்தார்.

இன்று காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் வண்டி வருகிறது என்றேன். பிறகு அவர் வகுப்பைப் பார்த்து விஷயத்தைச் சொல்வது கேட்டது, அடுத்து ஒரு கூச்சல் எழுந்தது பாரு, போனைக் காதிலிருந்து எட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. அடங்கியதும் அவர் மெல்ல ஒன்றே ஒன்று கேட்டார், பிள்ளைகள் புழுதியில் விளையாடிவிட்டு வருகிறவர்கள், தொட்டால் கெட்டுப்போகுமா, கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டுமா என்று. சில மாதமாக, கதவைச் சாத்தும் பயத்தில் இருந்ததால், எனக்குச் சொல்ல வாயே வராமல் இருந்த வார்த்தை அப்போதுதான் வந்தது.

"தாராளமா தொடட்டும்மா. கெட்டா அனுப்பிவைங்க, சரிபண்ணித் தர நாங்க இருக்கோம்."

கடிதம் நீண்டுவிட்டது, பேனாவும் மக்கர் பண்ணுகிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். குழாயைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடு, இருமலுக்கு டாக்டரைப் பார். மறக்காமல் உன் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களை யார் கவனிக்கிறார் என்று கேட்டு எழுது, இதை அம்மாவாகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா
(இயக்குநர் என்றும் போடச் சொல்லி அப்பா பக்கத்தில் நின்று பிடுங்குகிறார், போட்டுவிட்டேன்)