ஒரு அடிக்கு ஒரு பீஸ்

ஓய், உம்முடைய கீபோர்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரோடும் சேராமல், வாலைச் சுருட்டிக்கொண்ட உடும்பு மாதிரி. ஊர் உலகத்தில் கீபோர்டு என்றால் ஸ்பேஸ் பார் தேயும். உம்முடையதில் மட்டும், எவனும் சீண்டாத அந்தப் பிரின்ட் ஸ்கிரீன் பொத்தான், எழுத்தெல்லாம் போய், மொட்டை போட்டுவந்த தலை மாதிரி மின்னுகிறது. காலையிலிருந்து பால்கனிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். வரும்போதெல்லாம் அதை ஒரு தட்டு. மறுபடி நடை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

"பங்கார்வாலா பழைய சாமான் எடுக்க வாறான், அவங்களோடதுல வேணுங்கிறதை எடுத்துக்கிடுங்க தம்பி" என்றாள் மதினி. நான் இதைத்தான் கேட்டேன். உமக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆகுர்டி பிரஸ் ஷாப்பில் நாம் தகடு வெட்டிய காலத்தில் உமக்கு ஒரே வேதம்தான்: "ஒரு அடிக்கு ஒரு பீஸ்." மிதியை அமுக்கினால் பிரஸ் இறங்க வேண்டும், பீஸ் தொட்டியில் விழ வேண்டும். விழாத அடி உமக்கு அடியே இல்லை. நீர் அமுக்கினால் லோனாவ்லா மலை இரண்டு அங்குலம் நகரும் என்று நான் கேன்டீனில் சொல்லிவைத்திருந்தேன். புது ஆட்கள் பாதிப் பேர் நம்பினார்கள்.

ரிடையரான பிறகு நீர் குடியிருந்த சிஞ்ச்வட் சொசைட்டிக்கு பிராட்பேண்ட் வந்தது. உம் மகள் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ சாட்டில் வருவாள். பேத்தி ஒரு கை அசைத்தால் மறு கை வர அரை நிமிஷம் ஆகும். ஒரு ஞாயிறு, சாட் முடிந்து திரை கறுத்த பிறகும் மதினி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நீர் என்னைத் தனியே இழுத்துக் கேட்டீர்.

"இந்தப் பிள்ளையைப் புடிச்சு வைக்க வழி உண்டா வே? அடுத்த வாரம் வரைக்கும் இவ எதைப் பாத்துக்கிட்டு இருப்பா?"

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் மகாராஷ்டிரம் முழுவதும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே பிரகடனம் செய்திருந்தேன் அல்லவா? மறு ஞாயிறு அந்தப் பொத்தானைக் காட்டினேன். "இதை அமுக்கும். சத்தம் வராது, வெளிச்சம் வராது, ஆனா திரை மொத்தமும் உள்ளே போயிரும். ஒரு தடவை அமுக்கினதும் பெயிண்ட்டுன்னு ஒரு புரோகிராம், அதைத் திறந்து ஒட்டணும்…"

நீர் எங்கே கேட்டீர்? பேத்தி வந்ததும் டக் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டீர். முப்பது வருஷத்து பிரஸ் ஷாப் விரல்.

"நிறுத்தும் வே, ஒட்டணும்!"

"தொட்டி நிறையட்டும், அப்புறம் அள்ளிக்கலாம். மொதல்ல உம்ம காதை எடும், கேமராவுல பாதி அதுதான் தெரியுது."

எல்லாம் முடிந்து பெயிண்ட்டைத் திறந்து ஒட்டினால், கடைசி அடி மட்டும்தான் வந்தது. ஒவ்வொரு அடியும் முந்தின பீஸைத் தின்றுவிட்டது. அந்த ஒற்றைப் படத்திலும் பேத்தி கேமராவை நக்க வந்திருந்தாள். திரை முழுக்க வாயும் கன்னமும்தான். மதினிக்கு அதுவே போதும், வாரம் முழுக்கப் பார்த்தாள். நீர்தான் என் முகத்திலேயே முழிக்கவில்லை. "இவ்வளவு அடிச்சதுக்கு ஒரு பீஸா? என்ன மெஷின் வே இது, மானங்கெட்ட மெஷின்!" அதன் பிறகும் விரலை மாற்றிக்கொண்டீரா? நீர் அடிப்பீர், அடுத்த அடி விழுமுன் நான் பாய்ந்து ஒட்டுவேன். ஒலிம்பிக்கில் ஓடியவனுக்குக்கூட அப்படி மூச்சு வாங்கியிருக்காது.

பிறகு ஒரு சொல் சொல்லாமல், காப்பி ஆறுவதற்குள், போய்விட்டீர்.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். இருந்ததெல்லாம் ஃபாக்டரி கேட்பாஸ் முகம். கேமராவைக் கண்டால்தான் நீர் ஹெட் கான்ஸ்டபிள் ஆகிவிடுவீரே. "சிரிச்ச மொகமா ஒண்ணு தேடுங்க தம்பி. இந்த மொறைப்பை இனிமே தினமும் பாக்க என்னால ஆகாது" என்றாள் மதினி. ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினேன். கல்யாணப் படத்தில்கூட நீர் தாலியை முறைத்துக்கொண்டிருக்கிறீர்!

கடைசியில் உம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மற்றதிலெல்லாம் பொத்தானைப் பார்த்துக் குனிந்த உம் மண்டைதான். சிக்கியது அந்த முதல் ஞாயிற்றுப் படம். பேத்தியின் கன்னத்துக்குக் கீழே, மூலையில், நம் பக்கத்தைக் காட்டும் சின்னச் சதுரம். அதில் நீர். வாய் கொள்ளாத சிரிப்பு, கண்ணே காணோம். உம்மை ஒரு கேமரா பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே உமக்குத் தெரியவில்லை.

பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிறிதாக்கினால் நீர், பெரிதாக்கினால் பாத்ரூம் ஓடு. நான்கு ஸ்டூடியோ ஏறி இறங்கினேன், ஔந்த் வரை ஸ்கூட்டரில் அலைந்தேன். எல்லோரும் கையை விரித்தார்கள். முழுத்திரையையும் அப்படியே பிரின்ட் போட்டு ஃப்ரேம் பண்ணினேன், கீழே ஸ்டார்ட் பொத்தானும் கடிகாரமும் சேர்த்து. "காகா, சந்தன மாலை ஃப்ரீ" என்று கடைக்காரர் மாட்டியும் கொடுத்துவிட்டார்.

மதினி பார்த்தாள். பதறிப்போனாள்.

"ஐயையோ தம்பி, பிள்ளை இருக்காளே இதுல! உசுரோட இருக்கிற பிள்ளைக்கு மாலையா?"

மாலையைப் பிய்த்தெடுத்தேன். "பிள்ளையை வெட்டிரட்டுமா மதினி? மூலையை மட்டும் வச்சுக்கிடலாம்."

அவள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம். அவளைப் பாத்துத்தானே சிரிக்காங்க. மாலை இல்லாம மாட்டுங்க."

பதினாறாம் நாள் வந்தவர்களெல்லாம் மாலை எங்கே, பொட்டு எங்கே என்று கேட்டார்கள். மதினி என்னைக் கைகாட்டிவிட்டாள். நான்தான் இது அமெரிக்க வழக்கம் என்று அளந்துவிட்டேன்.

மறு ஞாயிறு காலை, சாட் நேரத்துக்கு, என் கால் தானாக உம் வீட்டுக்குப் போய்விட்டது. படத்துக்கு முன்னால் நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், உம் தோளுக்குப் பின்னால் ஒரு காது. என்னுடையதேதான். நீர் எடும் எடும் என்று கத்திய காது. இனி பேத்தியை வெட்டினாலும் நான் அதில் இருக்கிறேன் வே. இந்த ஒற்றைக் காதைச் சுமந்துகொண்டு நான் நடமாடுகிற வரைக்கும், உமக்கு எவனும் மாலை போட முடியாது.