அக்கா நின்ற இடம்

ஆகஸ்ட் 3, 1996. சனி.

ஆடிக் காத்து. ஜன்னல் கொக்கி பிடுங்கிக்கொண்டது. ஈரப் படத்தின் மேல் தூசி, நகத்தால் எடுத்தேன். கீழே லேத் பட்டறைச் சத்தம் இன்றைக்கும். பெரியநாயக்கன்பாளையம் வந்து மூணு வருஷம். இந்தத் தெருவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. 'டிராயிங் டீச்சர்', அவ்வளவுதான்.

கண்காட்சிக்குக் கடைசிப் படம் முடிந்தது. ஸ்கூலில் போட்டோ எடுத்த நாள். நானும் அக்காவும் கை கோத்து, பள்ளிக்கூடச் சுவர் பக்கம். அம்மா அன்றைக்கு இரண்டு பேருக்கும் பவுடர் அப்பிவிட்டாள். முகம் சாம்பல், கழுத்து கருப்பு. போட்டோக்காரர் சிரித்தார். எதற்கென்று அப்போது தெரியவில்லை.

கழுத்துக்குக் கருப்பு டியூபைத் தொடவில்லை. பிரவுனில் நீலம் கலந்து, திரும்பக் கலந்து. வெயில் பட்டால் எங்கள் தோலில் ஒரு நீலம் இருக்கும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

டர்பன்டைன், ஆணி, முட்டை வாங்க வேண்டும்.

ஆக. 6. செவ்வாய்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். "டீச்சர், ஸ்கின் கலர் பென்சில் தொலைஞ்சுபோச்சுங்க." அவள் கையைப் பார்த்தேன். என் நிறம்தான். பிரவுன் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாமென்று பக்கத்துப் பெண்ணிடம் அந்த ரோஸ் பென்சிலையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தலைவலி.

ஆக. 10. சனி.

அழைப்பிதழ் வந்தது. ஹால் ஏற்பாடு செய்த டாக்டரம்மா என் பெயரும், கீழே அன்னூர்ப் பக்கம் எங்கள் காலனிப் பெயரும் போட்டிருக்கிறார். காலனிப் பெயரைப் பார்த்தால் போதும், எங்களை என்ன சாதி என்று அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படத்தை போட்டோ எடுத்து, அதையும் கொண்டுபோய் கணபதியில் அக்காவிடம் காட்டினேன்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, என் மொகம் அப்படியே இருக்குது."

"ஆமாக்கா. பேப்பர்காரங்க கூட வருவாங்களாம்."

"பேப்பர்லயா? கீழூட்டு ஓனரம்மா பார்த்தா என்ன ஆகும்? நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டப்ப இவரு வேற சாதி சொல்லித்தான இந்த ஊடே கெடச்சுது. புள்ளைக்கு ஸ்கூலும் இங்கதான்."

அக்கா போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ ஒண்டிக்கட்டை. எங்க வேணாலும் இருந்துக்குவே. என்னைய மட்டும் எடுத்துப்போடு கண்ணு."

காபி கொடுத்தாள். ஏலக்காய் போட்டு. சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக. 11. ஞாயிறு.

கத்தியால் சுரண்டினேன். நன்றாகக் காயாததால் சுலபமாக வந்தது. முதலில் ரிப்பன், பிறகு காது, கன்னம். மேலே சுண்ணாம்பு வெள்ளை. அக்கா நின்ற இடத்தில் இப்போது வெறும் சுவர். கோத்திருந்த என் கையைத் தொங்கவிட்டு வரைந்தேன்.

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. சாப்பிடவில்லை.

ஆக. 17. சனி.

ஆர்.எஸ்.புரம் ஹால். நல்ல கூட்டம். டாக்டரம்மா: "குழந்தை பக்கத்துல காலி இடம் விட்டிருக்கீங்களே, அதுதாங்க இந்தப் படமே." தலையாட்டினேன். ஒரு மில் முதலாளி: "கொஞ்சம் வெளிச்சமான கலர்ல பண்ணுங்க, ஹால்ல மாட்டற மாதிரி." அதற்கும் தலையாட்டினேன்.

பேப்பர்காரர் அந்தப் படத்துப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து போட்டோ எடுத்தார்.

ரூமுக்கு வந்து தயிர் சாதம். இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆக. 19. திங்கள்.

பேப்பரில் வந்துவிட்டது. காலனிப் பெயரோடு. ஸ்டாஃப் ரூமில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. "வாழ்த்துக்கள்ங்க டீச்சர்." எல்லோரும் சொன்னார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது என் பெஞ்சில் நான் மட்டும்.

ஆக. 24. சனி.

கண்காட்சி பார்க்க அம்மா வந்தாள். காலனியில் யாரோ பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். செருப்பை ஹாலுக்கு வெளியே கழற்றப் போனாள். வேண்டாம்மா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

போட்டோ நாள் படத்தின் முன் ரொம்ப நேரம்.

"இத்தனை கருப்பாவா இருந்தே?"

"ஆமாம்மா."

"ஆமா. அப்படித்தான் இருந்தே." பக்கத்து வெறும் சுவரைப் பார்த்து, "பெரியவளுக்கும்தான் பூசிவுட்டேன்."



காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ. "கணபதி பக்கந்தானம்மா, அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வாரலாமா?"

அம்மா வெளியே வெயிலைப் பார்த்தாள். "பொழுது உழுகட்டுங் கண்ணு. நான் எப்பவும் இருட்டுனதுக்கப்புறந்தான் போவேன். பகல்ல போனா அவளுக்குச் சங்கடம்."

எப்பவுமாம். எனக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா போகிற வருகிற பஸ்ஸில் எல்லாம் ஊர்ப் பேர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்குப் போட்ட பிறகு அக்காவின் தெருமுனை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீ இங்கயே நில்லு அம்மணி. உன் மொகந்தான் பேப்பர்ல வந்துபோச்சே."

மாடிப்படி ஏறினாள். கதவு திறந்து உடனே மூடியது.

ரூமுக்குத் திரும்ப மேட்டுப்பாளையம் பஸ், தனியாக. உட்கார இடம் கிடைத்தது.