நிஜமாகவே கடை காலி

ஏற்காடு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள சலீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சௌக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையை நான் மறந்தாலும் நம் கடையில் வேலை செய்கிற பாப்பாத்தி மறக்க விடுவதில்லை. கல்லாவுக்கு எதிரே டம்ளர் தண்ணியோடு வந்து நின்றுவிடுகிறாள். அங்கே நீயும் ரியாஸும் மருமகள் பர்ஹானாவும் அல்லாஹ் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி ஷிரின் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை ரியாஸ் அனுப்பியிருந்தான். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். மூக்கு உன் மூக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

தினமும் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு ஹாலில் நடுவாக வைத்துவிடுகிறீர்கள். நான் இருமினால் ரியாஸ் டாக்டரைப் பாருங்கள் என்கிறான். மருமகள் சலாம் சொல்கிறாள். பிள்ளை கத்துகிறது. அதற்கு நடுவில் புருசன் பெண்டாட்டி என்னத்தைப் பேசுவது? சேலம் கோட்டை அஃப்சல் லீவு முடிந்து இந்த ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான். இதை உன் கையில்தான் தரவேண்டும், ரியாஸ் கையில்கூடத் தரக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். சொன்னதற்குச் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன். கடையை மூடுகிறேன். ஆத்தூர் கடையும் சேலம் கடையும் நீ இங்கே இருக்கும்போதே போனவை. நீ விமானம் ஏறின பிறகு குப்பனூரை மூடினேன். மழைக்கு முன்னால் நாகலூரையும் மூடினேன். "வியாபாரம் சுமார்" என்று உன்னிடம் போனில் சொன்னதெல்லாம் அந்த நாட்களில்தான். பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளிடம் இதையெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். மிச்சம் இருந்தது பஜாரில் நம்முடைய முதல் கடை. இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. இனி மலைக்கு மேலேயும் கிடையாது, கீழேயும் கிடையாது, சகாய ஸ்டோர்ஸ் என்று ஒரு போர்டு.

நஷ்டப்பட்டு ஓடவில்லை. யாருக்கும் பாக்கி இல்லை. அதை முதலில் தெரிந்துகொள், இல்லாவிட்டால் ராத்திரி தூங்காமல் கிடப்பாய்.

காரணம் உனக்கே தெரியும். விடியற்காலை பஸ்ஸில் திருப்பூர் போய், ஏற்றுமதியில் கழித்துக் கட்டின மூட்டைகளைக் கிளறிக் கிளறி நாம் எடுத்து வந்த சரக்கு, இன்றைக்கு அதே திருப்பூரிலிருந்து நேராக எஸ்டேட் கூலிக்காரர்கள் லைன் வீட்டு வாசலுக்குப் போகிறது. பையன்கள் பைக்கில் வளைவு வளைவாக ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நடுவில் நாம் எதற்கு? நாகலூர் கடையில் ஒரு பொண்ணு நம் ஸ்வெட்டரைப் போட்டு அளவு பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனில் ஆர்டர் போட்டாள். போகட்டும் என்றால், அடுத்த வாரம் பார்சலோடு வந்து, "இது பத்தலைங்க பாய், பெரிய சைசு மாத்தித் தருவீங்களா" என்று என்னிடமே கேட்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. சகாய விலை என்றுதான் ஜனங்கள் நம்மிடம் வந்தார்கள். அதைவிடச் சகாயமாக ஒருத்தன் கொடுத்தால் அங்கே போவார்கள். நாம் வந்தபோது பஜாரில் எத்தனை ஜவுளிக் கடைக்காரர்கள் நம்மைத் திட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் திட்டினதில் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

சாமான்களை ஒழிக்க ஒழிக்க ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தார்ப்பாய் விரித்து நாம் முதல் மூட்டையைப் பிரித்த நாள் நினைவு வந்தது. கல்யாணம் ஆன புதுசு. மூட்டையில் பாதி ஸ்வெட்டருக்கு ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. ஏமாந்துவிட்டேன் என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ இரண்டு கையையும் ஒரே அளவுக்கு மடித்துவிட்டு, ஊசி நூலால் ஒரு தையல் போட்டு அடுக்கிவைத்தாய். சென்னையிலிருந்து வந்திருந்த காலேஜ் பெண்கள் இதென்ன புது மாடலா என்று கேட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். ஆமாங்க, புது மாடல் என்று நீ முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாய். உன்னோடு பிழைத்துக்கொள்வேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

எஸ்டேட் பெண்களைக் கடைக்குள்ளே விட்டதும் நீதான். அதுவரைக்கும் பஜாரில் அவர்கள் வாசலில் நிற்கவேண்டும், கடைக்காரர் எடுத்துப் போடுவதை வாங்கிக்கொண்டு போகவேண்டும். உள்ளே வாங்க, தொட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க, வாங்காட்டிப் பரவாயில்லீங்க என்றாய். சரக்கெல்லாம் அழுக்காகும் என்று நான் சண்டை போட்டேன். ஆகத்தான் ஆனது. வியாபாரமும் ஆனது. பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி மாட்டச் சொன்னதும் நீதான். லைன் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடிதானே இருக்கும், முழு உருவத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் வாங்காமல் போகமாட்டார்கள் என்றாய். சம்பளச் சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வரிசை நிற்கும். என்னைக் கணக்குப் போட்டு வியாபாரம் பண்ணுகிறவன் என்று ஊர் சொல்லும். கணக்கு எங்கே உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு கூத்தைக் கேள். மே மாதச் சீசனுக்கு நீ எழுதி மாட்டச் சொன்ன போர்டு இருக்கிறதே, "கடை காலி! எல்லாம் பாதி விலை! இன்னும் சில நாட்களே!" என்று. ஒரு வருசம் மழையில் டூரிஸ்ட் வராமல் போய், அந்தப் போர்டை மாட்டின அன்றைக்கே கூட்டம் கூடியதில் பிடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் வருசா வருசம் மலர்க் கண்காட்சிக்குப் பந்தல் போடும்போதே நம் கடையும் காலியாக ஆரம்பித்துவிடும். வெளியூர்க்காரன் நம்பி வாங்குவான், உள்ளூர்க்காரன் சிரித்துக்கொண்டு வாங்குவான். இந்த முறை நிஜமாக மூடுகிறேனே என்று அதே போர்டைத் தூசி தட்டி மாட்டினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடை மணிகண்டன், "ஏனுங்க பாய், இந்த வருசம் சீசன் ரெண்டுங்களா" என்கிறான். சரியென்று அதன் கீழே "நிஜமாகவே காலி" என்று பெயிண்டில் எழுதி வைத்தேன். அது இன்னும் மோசம். எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல யோசனைங்க, நாங்களும் ஒண்ணு எழுதி மாட்டிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருசம் பொய்யை நம்ப வைத்தவனுக்கு உண்மையை விற்கத் தெரியவில்லை.

கடைசியில் கண்ணாடிதான் நம்ப வைத்தது. பார்லர் வைக்கப் போகிற ஒருத்தர் கேட்டார் என்று ஒரு சனிக்கிழமை காலையில் கழற்றிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் நாகலூர் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. சாயங்காலப் பஸ்ஸில் பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். சிலர் போனில் வாங்கின ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு வந்தார்கள். வாங்கினார்கள், வாங்காமலும் நின்றார்கள். ஒரு வயதான அம்மா பழக்க தோசத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நேராகப் பின்சுவருக்குப் போனார். கண்ணாடி இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. அவர் அங்கேயே நின்றார். பாப்பாத்தி போய் அவர் எதிரே நின்றுகொண்டு, கொஞ்சம் திரும்புங்க, நொம்ப நல்லாத்தான் இருக்குது, தோளு மட்டும் கொஞ்சம் லூசு என்று சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தராக வந்து அவள் முன்னால் நின்று திரும்பிக் காட்டினார்கள். நான் கல்லாவில் சில்லறை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பாப்பாத்திக்கு ஒரு லாட்ஜில் சொல்லி வைத்திருக்கிறேன், படுக்கை விரிப்பு, துணிமணி பொறுப்பு. பாத்ரூம் கழுவச் சொன்னால் அன்றைக்கே வந்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். கட்டடத்தைக் கேட்டுச் செல்லப்பன் என்று சேலத்துக்காரர் வருகிறார். லாட்ஜ் கட்டுகிறவர், கை சுத்தமான மனுசர். கடையை மட்டும் கொடுத்தாலும் மாச வாடகைக்கு எடுத்துக்கொள்வார், விடுதி மாதிரி ஏதோ செய்வார். ஆனால் நாம் குடியிருக்கிற மேல்மாடியையும் சேர்த்து விலைக்குக் கொடுத்தால்தான் அவருக்கு ருசி. நம் ஊட்டு ஜன்னலிலிருந்து ஏரி தெரிகிறதாம். முப்பது வருசமாக அங்கே துணி காயப்போட்டோமே தவிர ஏரியைப் பார்த்தோமா? மாடியையும் சேர்த்தால் அவர் சொல்கிற விலை, உண்மையைச் சொன்னால், நானே கேட்கத் தயங்குகிற விலை.

ரியாஸிடம் சொன்னேன். மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாங்க அத்தா, இனி அங்கே என்ன இருக்குது என்றான். அவன் இதைக் கேட்பது புதுசில்லை. ஒவ்வொரு தடவையும் கடை இருக்குதே என்பேன், அவன் பேச்சை மாற்றுவான். நீயும் அங்கே அதையேதான் சொல்லி வந்திருக்கிறாய், உங்க அத்தா கடையை விட்டுட்டு எப்படி வருவாங்க, நானும் போகணும் என்று. மூன்று மாசத்துக்குப் போனவள். பிள்ளை குப்புற விழட்டும், பல் முளைக்கட்டும் என்று வருசம் ஓடிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேத்தியை விட்டு வருவது லேசா? நானாக இருந்தாலும் தங்கியிருப்பேன். ஆனால் இந்தத் தடவை ரியாஸ் கேட்டபோது சாக்குச் சொல்லக் கடை இல்லை.

செல்லப்பன் போன வாரம் வந்தபோது மொத்தத்துக்கும் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கொடுக்கிற நேரம். பாப்பாத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"கடை போனாப் போவுதுங்க பாய். அக்கா வந்தா எங்கீங்க எறங்குவாங்க?"

செல்லப்பன் என்னைப் பார்த்தார். மாடியை ஊட்டில் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்திருக்கிறார்.

ஆகவே கேட்கிறேன். மாடியைக் கொடுத்துவிடவா? கொடுத்தால் நான் அங்கே வருகிறேன், பேத்தியைப் பார்த்துக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருப்பேன், அதுவும் ஒரு வாழ்க்கைதான். உனக்குச் சிரமம் கொடுக்கமாட்டேன். கொடுக்காவிட்டால் கடை வாடகையில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஒருத்தர் சாப்பிட்டாலும் மீதியாகும். எனக்காக எதையும் சொல்லவேண்டாம், பிள்ளைகளுக்காகவும் சொல்லவேண்டாம். இத்தனை வருசம் எந்தச் சரக்கை எடுப்பது, எதை விடுவது என்று நீ சொல்லித்தான் நான் எடுத்தேன். நீ வேண்டாம் என்றதை நான் எடுத்த ஒரு தடவைதான் அந்த ஆத்தூர் கடை, நினைவிருக்கும்.

கடுதாசி கிடைத்ததும் பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பால்கனியில் நின்று கூப்பிடு. ஒரு வார்த்தை போதும். எந்த வார்த்தையாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன், ஏன் என்று கேட்கமாட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் இந்த வருசம் சீக்கிரமே இறங்கிவிட்டது. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாயே, இந்த வாரம் ஆளை வைத்து மேலே வரைக்கும் இரும்புக் கைப்பிடி போட்டுவிட்டேன். கெட்டியாக இருக்கிறது, ஆட்டிப் பார்த்தேன். விற்கிற ஊட்டுக்கு எதுக்குங்க செலவு என்று பாப்பாத்தி கேட்டாள். பெயிண்ட் காய்கிறது, தொடாதே என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ரியாஸுக்கும் மருமகளுக்கும் என் சலாம். ஷிரின் கண்ணுக்கு என் பங்குக்கு இரண்டு முத்தம் கொடு. ரப்புல் ஆலமீன் உன்னை எங்கே வைத்தாலும் நோய் நொடி இல்லாமல் மனநிறைவோடு வைக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். நீயும் எனக்காகச் செய்.

உன்னுடைய,
ஜாபர் அலி